தசை நோய் நுரையீரலைத் தாக்கினால்: நீண்ட காலத்தில் எதிர்பார்க்க வேண்டியவை

கிராமச் சுகாதாரம் என்றவுடன் குடிநீர், கழிவுநீர் வாய்க்கால், கொசு ஒழிப்பு, தடுப்பூசி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அது இயல்பே. பெரியம்மை உலகினின்று ஒழிந்ததென 1980-ஆம் ஆண்டிலும், போலியோ நம் நாட்டில் இல்லையென 2014-ஆம் ஆண்டிலும் அறிவிக்கப்பட்டமைக்கு இத்தகைய பொதுப்பணிகள் பெருந்துணை புரிந்தன. ஆனால் ஊர் முழுவதையும் தாக்காமல், யாரோ ஒருவர் வீட்டில் புகுந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடும் நோய்களும் உள்ளன. அவற்றைக் குறித்துக் கிராம சபையில் எவரும் எழுந்து பேசுவதில்லை. நோயாளியின் குடும்பமே தனித்து நின்று அச்சுமையைத் தாங்குகிறது.

அத்தகைய நோய்களுள் ஒன்று தசை அழற்சி நோய். டாக்டர்கள் இதனை மயோசைட்டிஸ் என்பர். இது அரிய நோயே. பல நாடுகளின் கணக்குகளை நோக்கினால், ஒரு லட்சம் மக்களுக்கு ஆண்டுதோறும் புதிதாக ஒருவர் என்ற அளவில், சற்றுக் கூடியோ குறைந்தோ, இது காணப்படுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் வாழ்வோர் ஏறத்தாழ 3 கோடியே 72 லட்சம் பேர். அவர்களை 388 ஊராட்சி ஒன்றியங்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றியம் ஒன்றுக்குச் சுமார் 96,000 பேர் ஆகின்றனர். ஆகவே, உலகக் கணக்கு நமக்கும் ஏறக்குறையப் பொருந்துமாயின், ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஆண்டுக்கு ஒரு குடும்பம் இந்நோயை எதிர்கொள்கிறது எனலாம். அக்குடும்பம் எந்த ஊரில் உள்ளதென்பதை அறிந்து துணை நிற்கக்கூடியவர்கள் பஞ்சாயத்து உறுப்பினர்களே. இக்கட்டுரையை எழுதுபவன் டாக்டர் அல்லன். வளர்ச்சிப் பணியில் உள்ளவன். மருத்துவ உலகம் ஆராய்ந்து வெளியிட்ட செய்திகளைக் கிராம மக்களுக்குப் பயன்படும் முறையில் தொகுத்துரைப்பதே இங்கு நோக்கம்.

வேலியே பயிரை மேயும் நோய்

நமது உடலில் புகும் கிருமிகளை எதிர்த்துப் போராட இயற்கை ஒரு காவற்படையை அமைத்துள்ளது. சிலரிடம் அக்காவற்படை நெறி தவறித் தன் உடலின் தசைகளையே பகையெனக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேய்ந்தாற்போன்ற இந்நிலையே தசை அழற்சி நோய். இது தொற்று நோயன்று. நோயாளியுடன் ஒரே பாயில் அமர்வதாலோ, ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ மற்றவர்க்குப் பரவாது.

இதன் முதல் அடையாளங்களைக் கிராமத்தார் எளிதில் அறியலாம். தொடையிலும் தோளிலும் வலு குறையும். தரையில் அமர்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றவும், தலை வாரவும், பேருந்தின் படியில் ஏறவும் சிரமம் உண்டாகும். சிலருக்கு இமைகளின் மேல் கருஞ்சிவப்பு நிறமும், விரல் கணுக்களின் மேல் தடிப்பும் தோன்றும். வேறு சிலருக்கு விரல்களின் ஓரங்கள் தடித்து வெடிக்கும். மண்வெட்டி பிடிக்கும் கைகளில் வெடிப்பு இருப்பது வழக்கமாதலால், உழவர் குடும்பங்களில் இவ்வடையாளம் கவனிக்கப்படாமலே போகக்கூடும். மூட்டு வலி, காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவையும் உடன் வரலாம்.

நுரையீரலுக்கு வரும் கேடு

இந்நோயின் நீண்ட கால விளைவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தசையைக் காட்டிலும் நுரையீரலே. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினால், தசை அழற்சி நோயாளிகளுள் 100-க்கு ஏறத்தாழ 40 பேருக்கு நுரையீரலும் பாதிக்கப்படுவதாகத் தெரிகிறது. கேடு மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது வழியே முக்கியமானது. நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் சுவர்கள் மிக மெல்லியவை. அவற்றின் வழியாகவே உயிர்க்காற்று இரத்தத்தில் கலக்கிறது. அச்சுவர்களில் அழற்சி ஏற்பட்டு வீங்கினால் காற்று கலப்பது தடைப்படும். அழற்சி நீடித்தால் சுவர்கள் தழும்பேறி இறுகிவிடும். ஈரமுள்ள களிமண் நிலத்தை உழுது பண்படுத்தலாம். வெயிலில் காய்ந்து பாறைபோல் இறுகியபின் ஏர் இறங்காது. நுரையீரலும் அவ்வாறே. அழற்சி நிலையில் மருந்தினால் பெரிதும் மீட்கலாம். தழும்பான பகுதியை மீட்க இன்றளவும் மருந்து இல்லை. எஞ்சிய பகுதியைக் காப்பது மட்டுமே இயலும்.

இரண்டாவதாக, மூச்சை இழுக்கும் தசைகளே வலுவிழக்கலாம். மூன்றாவதாக, தொண்டைத் தசைகள் தளர்வதால் உணவும் நீரும் புரையேறி நுரையீரலுக்குள் சென்று சீழ்க்காய்ச்சலை உண்டாக்கலாம். உண்ணும்போது அடிக்கடி புரையேறினால் அதனை அற்பமாகக் கருதலாகாது.

நுரையீரல் பாதிப்பின் அறிகுறிகள் இரண்டு: சளியற்ற வறட்டு இருமல், வேலை செய்யும்போது மூச்சு வாங்குதல். நம் நாட்டில் இவ்வறிகுறிகளைக் கண்டவுடன் காசநோய் என்று எண்ணுவது இயல்பு. சளிப் பரிசோதனை செய்வது அவசியமே. ஆனால் சோதனையில் காசநோய்க் கிருமி காணப்படாமலிருந்தும் இருமலும் இளைப்பும் வளர்ந்துகொண்டே போனால் அத்துடன் நின்றுவிடலாகாது. கைகால் வலுக் குறைவு, விரல் வெடிப்பு, தோல் நிற மாற்றம் ஆகியவற்றையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலருக்குத் தசைகள் நன்றாக இருக்கையிலேயே நுரையீரல் முதலில் பாதிக்கப்படுவதும் உண்டு.

மருத்துவ அறிவு வளர்ந்த வரலாறு

தசை அழற்சியும் நுரையீரல் அழற்சியும் ஒருவரிடமே சேர்ந்து வருவதை அமெரிக்க டாக்டர்கள் 1956-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசோன் என்னும் மருந்து அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பயனுக்கு வந்திருந்தது. அது தொடர்பான ஆராய்ச்சிக்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவர்க்கும் 1950-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று பயன்படும் ஸ்டீராய்டு மாத்திரைகள் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

1980-ஆம் ஆண்டில் நோயாளிகளின் இரத்தத்தில் ஜோ-1 என்னும் பொருளைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம் கண்டறியப்பட்டது. அதன்பின் அவ்வகையில் வேறு பலவும் அறியப்பட்டன. 2005-இல் ஜப்பானிய டாக்டர்கள் மற்றொரு புரதத்தைக் கண்டனர். அது பின்னர் எம்.டி.ஏ.-5 எதிர்ப்புப் புரதம் எனப் பெயர் பெற்றது. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. முன்பு எல்லா நோயாளிகளும் ஒரே கூட்டமாகக் கருதப்பட்டனர். இப்பொழுது ஓர் இரத்தச் சோதனையின் உதவியால், யாருக்கு நோய் விரைந்து பாயும், யாருக்கு மெல்ல நடக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே உணர முடிகிறது.

நோயின் மூன்று போக்குகள்

நுரையீரல் பாதிப்பு எல்லோரிடமும் ஒரே வழியில் செல்வதில்லை. அதன் போக்கை மூன்றாகப் பிரித்துக் கூறலாம்.

முதலாவது, விரைந்து பாயும் போக்கு. எம்.டி.ஏ.-5 எதிர்ப்புப் புரதம் உள்ளவர்களிடம் இது மிகுதி. தசை வலு அதிகம் குறையாமலே, தோலில் புண்களும் நிற மாற்றமும் தோன்றி, சில வாரங்களுக்குள் மூச்சுத் திணறல் முற்றிவிடும். இங்கு ஒவ்வொரு வாரமும் விலைமதிப்புடையது. முன்னாளில் முதலில் ஒரு மருந்தைக் கொடுத்து, அது பயன்படாவிடில் அடுத்ததைச் சேர்ப்பர். ஜப்பானில் தொடக்கத்திலேயே மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். 2020-இல் வெளியான அவ்வாய்வின்படி, அவ்வாறு சிகிச்சை பெற்றவர்களுள் 100-க்கு 89 பேர் ஆறு மாதங்களுக்குப் பின்னும் உயிருடனிருந்தனர். பழைய முறையில் சிகிச்சை பெற்றிருந்தவர்களுள் அவ்வாறு பிழைத்தவர்கள் 100-க்கு 33 பேரே. ஆய்வு சிறியதாயினும் அதன் பாடம் தெளிவானது. முதல் ஆறு மாதங்களைக் கடந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதன்பின் நெடுநாள் வாழ்கின்றனர்.

இரண்டாவது, மெல்ல வளரும் போக்கு. ஜோ-1 முதலான வகையைச் சேர்ந்தவர்களிடம் இது பொதுவாகக் காணப்படுகிறது. மூச்சு வாங்குதல் மாதக்கணக்கில் சிறிது சிறிதாக ஏறும். வயதாகிவிட்டது, வெயில் அதிகம், வேலை அதிகம் என்று எண்ணி வீட்டாரும் வாளாவிருப்பர். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக டாக்டர்கள் இவ்வகையைச் சேர்ந்த 202 நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டனர். ஜோ-1 வகையினருள் ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடனிருந்தோர் 100-க்கு 90 பேர். பத்தாண்டுகளுக்குப் பின் 70 பேர். அதே குடும்பத்தைச் சேர்ந்த பிற வகையினருள் ஐந்தாண்டுகளில் 75 பேரும் பத்தாண்டுகளில் 47 பேருமே எஞ்சினர். இறந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நுரையீரல் தழும்பேறியதே காரணம்.

இவ்வேற்றுமை ஏன் வந்தது? முதல் வகையினருக்கு நோய் இன்னதென்று கண்டறிய ஆன காலம் நடுத்தரமாக ஏறத்தாழ ஐந்து மாதம். இரண்டாம் வகையினருக்கு ஓராண்டு. இத்தாமதமே உயிர்ச்சேதத்தின் வேற்றுமைக்குக் காரணமாகலாம் என்பது அவ்வாராய்ச்சியாளர்களின் கருத்து. இவை அமெரிக்காவின் பெரிய மருத்துவமனை ஒன்றின் கணக்குகள். அப்படியே நம் மாவட்டங்களுக்குப் பொருத்திவிட முடியாது. ஆயினும் சில மாதத் தாமதம் எத்துணை விலையுடையது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

மூன்றாவது, நிலைத்து நிற்கும் போக்கு. சிலருக்கு நுரையீரலில் சிறிதளவு மாற்றம் மட்டும் காணப்பட்டு, ஆண்டுகள் பல சென்றும் வளராமல் நின்றுவிடுகிறது. இவர்கள் தம் அன்றாட அலுவல்களைச் செய்து வாழ்கின்றனர். எனினும் காலந்தோறும் சோதனை செய்துகொள்வது இவர்களுக்கும் தேவையே.

சிகிச்சையும் அதன் காலமும்

ஸ்டீராய்டு மாத்திரையே பொதுவாக முதல் மருந்து. அதனுடன் அசாதயோபிரின், மைக்கோபினோலேட், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளுள் ஒன்றைச் சேர்ப்பர். நோய் கடுமையாயின் சைக்ளோபாஸ்பமைடு அல்லது ரிடுக்சிமாப் என்னும் மருந்தை ஊசி வழியே செலுத்துவர். இவ்விரண்டையும் ஒப்பிட்டு, தசை அழற்சியும் அதன் இனமான நோய்களும் உள்ள 101 பேரைச் சேர்த்துப் பிரிட்டனில் நடைபெற்ற ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டு இதழில் வெளியாயிற்று. இரு மருந்துகளைப் பெற்றவர்களுக்கும் 24 வாரங்களில் மூச்சின் அளவு சற்று உயர்ந்தது. தழும்பு தொடர்ந்து பரவுவோருக்கு, அதன் வேகத்தைக் குறைக்கும் நின்டெடானிப் என்னும் மாத்திரையும் இப்பொழுது உள்ளது. இவை அனைத்தையும் மீறி நோய் முற்றும் சிலருக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் தர வேண்டியிருக்கும். மிகச் சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை ஒன்றே வழியாகும்.

இச்சிகிச்சை வாரங்களில் முடிவதன்று, ஆண்டுக்கணக்கில் நீள்வது. இரண்டு மூன்று மாதங்களில் மூச்சு இலேசானவுடன், நோய் தீர்ந்துவிட்டதென எண்ணி மருந்தை நிறுத்துவோர் உண்டு. பணம் இல்லாமையாலும், அறுவடைக் காலத்தில் மருத்துவமனை செல்ல நேரம் இல்லாமையாலும் நிறுத்துவோர் உண்டு. இதனால் இரு கேடுகள் விளையும். அடங்கியிருந்த அழற்சி மீண்டும் கிளம்பி, முன்பு நன்றாயிருந்த பகுதியையும் தழும்பாக்கிவிடும். மேலும், ஸ்டீராய்டை நெடுநாள் உண்டவரின் உடல், அப்பொருளைத் தானே உற்பத்தி செய்வதைக் குறைத்திருக்கும். திடீரென மாத்திரையை நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தக் குறைவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே டாக்டர் சொல்லும் முறைப்படி படிப்படியாகக் குறைப்பதன்றி, ஒரு நாளும் தாமாக நிறுத்தலாகாது. நாட்டு மருந்து உண்ண விரும்புவோர் அதனை மறைக்காமல் டாக்டரிடம் கூறி ஆலோசனை பெற வேண்டும்.

இம்மருந்துகளுக்குப் பக்க விளைவுகளும் உள்ளன. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறலாம், எலும்பு தேயலாம், கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறைந்து, உறங்கிக் கிடந்த காசநோயும் தலையெடுக்கலாம். எனவே, இம்மருந்து உண்பவருக்குக் காய்ச்சல் வந்தால் கை வைத்தியம் செய்து காத்திராமல் அன்றைக்கே டாக்டரிடம் செல்ல வேண்டும். சளிக்காய்ச்சல், நிமோனியா ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நலம். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். மைக்கோபினோலேட், சைக்ளோபாஸ்பமைடு ஆகியவை கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்வன. ஆகையால் குழந்தை பெற விரும்பும் பெண்கள் முன்னதாகவே டாக்டரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது.

சோதனைக்கும் ஒரு பருவம் உண்டு. குழாயில் வேகமாக ஊதி, வெளிவரும் காற்றின் அளவைக் கணக்கிடும் மூச்சுச் சோதனையே நோயின் போக்கை அறியும் அளவுகோல். நுரையீரல் பாதிப்பு உள்ளவர்கள் முதலாண்டில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறையும், நோய் நிலைபெற்றபின் இன்னும் நீண்ட இடைவெளி விட்டும் இதைச் செய்துகொள்ள வேண்டும் என்பது அமெரிக்க வல்லுநர் குழுவினர் 2023-இல் வகுத்த நெறி. சி.டி. ஸ்கேன் படம் தேவைக்கேற்ப எடுக்கப்படும். முந்தைய சோதனைத் தாள்களோடு ஒப்பிட்டாலன்றிப் புதிய தாளின் பொருள் விளங்காது. ஆகவே நிலப் பத்திரத்தைப் பாதுகாப்பது போலவே இத்தாள்களையும் ஒரு பையிலிட்டுப் பாதுகாக்க வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

1. இனங்காணல்: உட்கார்ந்தால் எழ முடியாமை, வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் ஆகியவை சேர்ந்து ஒருவரிடம் சில வாரங்கள் நீடித்தால், கிராமச் செவிலியர் மூலம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அனுப்ப ஏற்பாடு செய்யலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இவ்வகை நோய்களுக்கெனத் தனி நிலையம் உள்ளது. படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் 108 வண்டியை உடனே அழைக்க வேண்டும்.

2. பொருளுதவி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேராத குடும்பங்கள் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் பெற்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் பதிவுசெய்துகொள்ள உறுப்பினர்கள் உதவலாம். எந்தச் சிகிச்சை காப்பீட்டில் அடங்கும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவிலேயே முன்கூட்டிக் கேட்டறிவது நன்று.

3. இடைவிடாத மருந்து: மாதந்தோறும் மருந்து வாங்க நகரத்துக்குச் செல்ல இயலாத முதியவர்க்காக, ஊரிலிருந்து அடிக்கடி சென்று வருபவர் ஒருவரைத் துணைக்கு அமர்த்தலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வந்து மருந்து தருகின்றனர். ஸ்டீராய்டினால் அவ்விரண்டும் ஏறிய நோயாளிகளைப் பற்றி அவர்களுக்குத் தெரிவிக்கலாம்.

4. புகையும் தூசியும்: தழும்பேறிய நுரையீரலுக்குப் பீடிப் புகையும் அடுப்புப் புகையும் கூடுதற் பகை. நோயாளி உள்ள வீட்டில் விறகடுப்பை மாற்ற வேண்டும். வீட்டார் யாவரும் புகைப்பதை விட வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் பிரித்தல், நெல் தூற்றுதல், அரவை மில்லில் நிற்றல், பூச்சி மருந்து தெளித்தல் ஆகிய வேலைகளினின்று நோயாளியை விலக்க வேண்டும்.

5. தகுந்த வேலை: வெளிப்பார்வைக்கு நலமாய்த் தோன்றுவதால், இந்நோயாளிகளைச் சோம்பேறிகள் என ஏசுவதுண்டு. இதைப் போன்ற அநீதி வேறில்லை. பால் கூட்டுறவுச் சங்கக் கணக்கு, விதை தேர்ந்தெடுத்தல், பொதுப்பணியிடத்தில் வருகைப் பதிவு போன்ற இலகுவான வேலைகளை இவர்களுக்கு ஒதுக்கலாம். முழு ஓய்வே மருந்து என்று முன்னாளில் கருதினர். 1990-களிலிருந்து நடந்த ஆய்வுகள், டாக்டரும் பிசியோதெரபி நிபுணரும் வகுத்த அளவான உடற்பயிற்சி இவர்களுக்கு நன்மையே செய்கிறதெனக் காட்டியுள்ளன.

முடிவுரை

இந்நோய்க்கு ஆளான ஒருவரின் வருங்காலம் என்ன என்று கேட்டால், ஒரே விடை கூற இயலாது. வயது, எதிர்ப்புப் புரதத்தின் வகை, தொடக்கத்தில் நுரையீரல் இருந்த நிலை ஆகியவற்றை நாம் மாற்ற முடியாது. ஆனால் எத்தனை மாதத்தில் நோய் கண்டறியப்பட்டது, மருந்து இடைவிடாமல் தொடர்ந்ததா, வீட்டில் புகை நின்றதா என்னும் மூன்றும் பெரும்பாலும் மனிதர் கையில் உள்ளவை. முற்றிய நோயால் சிலரை இழக்க நேரும் என்பதும் உண்மை; அதற்காக மற்றவரைக் கைவிடுவது முறையாகாது. காலத்தில் மருந்து பெற்றவர்களுள் பலர் ஐந்தாண்டும் பத்தாண்டும் அதற்கு மேலும் தம் மக்களோடு வாழ்கின்றனர். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், சுகாதாரம் பற்றிய பேச்சு வரும்போது, நெடுநாளாக மூச்சு வாங்குவோரும் எழுந்து நடக்க வலுவற்றோரும் நம் ஊரில் எவரேனும் உண்டா என்று ஒரு கேள்வி எழட்டும். அக்கேள்வி காலத்தில் கேட்கப்பட்டால் ஒரு குடும்பத்தின் விளக்கு அணையாமல் காக்கப்படலாம்.